புதுப்பிப்பு: எங்கள் விவாத அணி இறுதிச்சுற்று வரை போய்விட்டது

தலைப்பு கிடைத்ததும் எங்கள் கலைக் கல்லூரி விவாத அணியின் இரண்டு மாணவிகளும் திணறுகிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று போட்டி முடிந்தது. கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் இறுதிச்சுற்று வரை போனார்கள்!

போட்டி நடந்தது பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை என்ற விவாத வடிவில்: ஒவ்வொரு விவாதத்திலும் 4 அணிகள், 8 பேச்சாளர்கள், ஆளுக்கு 7 நிமிடம். தயாராக வெறும் 15 நிமிடம்தான். நீங்கள் சொன்னபடி, முதல் 3 நிமிடம் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதிப் பழகினார்கள். அதுதான் கைகொடுத்தது.

அரையிறுதியில் எதிரணி எழுந்து கேட்ட கேள்வியை, வரலாறு படிக்கும் மாணவி பேனா மூடியைத் திருகியபடியே நிதானமாகக் கேட்டு, அதையே தன் வாதமாக மாற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்புறம், இந்த வாரமே முதலாண்டு மாணவர்கள் 6 பேர் அணியில் சேரக் கேட்டிருக்கிறார்கள்.