டீச்சரைத் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்

டீச்சரின் கணவர்:

வரும் மே மாதம் என் மனைவிக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். பேப்பரில் போட்டோ கொடுக்கலாம், தாராவியில் பேனர் வைக்கலாம் என்றெல்லாம் உறவில் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளுக்கும் பிடித்திருக்காது.

எனக்கு வேண்டியது வேறு. என் அத்தைக்கு, அதாவது அவளுடைய அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்க் கடிதம், ரேஷன் கார்டு, கரண்ட் பில், மாத்திரை அட்டை எதுவானாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாக மகள்தான் வாசித்துச் சொன்னாள். இப்போது அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. நீங்கள் எழுதுவதை அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டப் போகிறேன். பெரிய வார்த்தைகள் வேண்டாம். அவளை எங்கே பார்த்தீர்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், அது போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். 1996, பெண் பார்க்கப் போன அன்று. தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே நாலு சந்து தாண்டி, 10க்கு 12 அடி கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. மாமா நெல்லைப் பக்கத்திலிருந்து தோல் கம்பெனி வேலைக்கு வந்தவர். நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்ததும் வீடு நிறைந்துவிட்டது. காபி வந்தது. அவளும் வந்து நின்றாள். அதற்குள் வாசலில் ஒரு பாட்டி, கையில் நீல இன்லேண்ட் லெட்டர். "ஏ தாயி, ஊர்லேர்ந்து காயிதம் வந்திருக்கு" என்றாள். மாமா, "பொறவு வா ஆச்சி" என்று அனுப்பப் பார்த்தார். இவள் தட்டை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

கடிதத்தைப் பிரித்தவள் ஒரு வரிகூட வாயைத் திறந்து வாசிக்கவில்லை. கண் மட்டும் மேலிருந்து கீழே போனது. பிறகு பாட்டியின் முழங்கையைப் பிடித்து, சந்தின் முனையில் தண்ணீர் டிரம்கள் அடுக்கி வைத்திருக்கும் மூலைக்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தச் சந்தில் ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அங்கே நின்று பாட்டியின் காதோடு வாய் வைத்து வாசித்தாள். பாட்டியின் தம்பி இறந்துபோன செய்தி அது. பாட்டி அழுது முடிக்கும்வரை இவள் திரும்பி வரவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். என் சித்தப்பா முணுமுணுத்தார். நான் அதற்குள் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

தம்பி:

அத்தான், நீங்கள் கேட்டு ஒரு வாரமாகிறது. எதை எழுத, எதை விட என்று தெரியவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயசு வித்தியாசம். தாராவியில் தோல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு வேலை போனபோது நான் ஏழாவது. அக்கா பன்னிரண்டாவது. காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். என் முறையன்றும் அவளே எழுந்து போவாள். நான் அரைத் தூக்கத்தில் குடம் சிமெண்டில் உரசும் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பேன். இன்றைக்கும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

இதை அம்மாவிடம் நான் இதுவரை சொன்னதில்லை. அத்தான், வாசித்துக் காட்டுங்கள். ஊரிலிருந்து அப்பாவின் அம்மா, எங்கள் ஆச்சி, போடும் கடிதத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காதான் எல்லோருக்கும் வாசிப்பாள். மழை, கோயில் கொடை, யார் வீட்டில் குழந்தை, எல்லாம் வரும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்தக் கடிதங்கள் கிடைத்தன. எடுத்துப் படித்தேன். ஒரு வருஷத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் அக்கா வாசிக்காத ஒரு வரி இருந்தது. "கண் வைத்தியத்துக்குப் பணம் அனுப்பு", "கடைக்காரன் வாசலில் வந்து நிற்கிறான்", "நீ அனுப்பாமல் நாங்கள் யாரிடம் கேட்க". அப்பாவிடம் அப்போது பஸ்ஸுக்கே காசு இல்லை. அந்த வரிகளைக் கேட்டிருந்தால் மனுஷன் உடைந்துபோயிருப்பார். கடிதங்களோடு மணியார்டர் ரசீதுகளும் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. 30 ரூபாய், 50 ரூபாய். அனுப்புநர் இடத்தில் அப்பா பெயர், அக்காவின் கையெழுத்து. டியூஷன் எடுத்த பணம். அப்பா சாகும்வரை இது அவருக்குத் தெரியாது.

பழைய மாணவி:

நான் தமிழில் டைப் செய்வதற்கே டீச்சர்தான் காரணம், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. தாராவியில் அப்படி ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சரிடம் நாலாம் வகுப்பு படித்தேன், மதிய ஷிப்ட்.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது மித்தி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ கத்தியதும், கீழ்த்தளத்தில் பெஞ்சுகள் மிதந்ததும்தான். டீச்சர் எங்களை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அப்பா அம்மா யார் இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றாலும், வருகைப் பதிவேட்டில் பிள்ளை பெயர், கூட்டிப்போனவர் பெயர், மணி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அனுப்பினார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பதினேழு பேர் மிச்சம். கரண்ட் இல்லை. நான் அழுததில் இன்னும் நாலு பேர் அழ ஆரம்பித்தார்கள். டீச்சர் என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, "இது அணையாமப் பாத்துக்கிறது உன் வேலை" என்றார்கள். அரை மணிக்கு ஒரு தடவை பெயர் வாசிப்பார்கள். இருட்டிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும்.

அப்புறம் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, ஒவ்வொருவரும் அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றார்கள். பதினேழு கடிதம் எழுதினார்கள். மறுநாள் காலை வந்த அம்மாக்களிடம் பிள்ளையோடு கடிதத்தையும் கொடுத்தார்கள். என்னுடையதை என் அம்மா பீரோவில் இன்னும் வைத்திருக்கிறார். "அம்மா, நான் மாடியில் இருக்கேன். டீச்சர் பக்கத்தில் இருக்காங்க. மெழுகுவர்த்தியை நான்தான் பிடிச்சிருக்கேன். பசிக்குது." பசிக்குது என்பதையும் டீச்சர் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

டீச்சருக்கு மும்பைக்கு வெளியே டோம்பிவலியில் ஆறு வயசு மகள் இருந்தாள் என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். ரயில் நின்றுபோய், இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனார்களாம். அந்த ராத்திரி அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

பெயர் போடாத ஒருவர்:

நான் அவர்களிடம் படித்தவன் இல்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கிறேன். என் மகளுக்கு சாதிச் சான்றிதழ் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். ஆபீஸில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவையும் உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். மகள் இப்போது காலேஜ். அவள்தான் இதை எழுதுகிறாள்.

ரயில் தோழி:

டோம்பிவலியிலிருந்து பதினோரு வருஷம் ஒரே லேடீஸ் டப்பாவில் போனோம். பத்தரை மணி ஸ்லோ லோக்கல். அவள் சயானில் இறங்குவாள். நான் தாதர் வரை. பரீட்சைத் தாள் திருத்தாத நாளில் கீரை ஆய்வாள், என் மடியிலும் பாதியைப் போடுவாள்.

நோயைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும், இதைப் படிக்கிற பெண்களுக்காக. முதலில் வயிறு உப்பியது. பாவாடை நாடாவை இளக்கிக் கட்டினாள். "ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது" என்றாள். எடை குறைகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஓமத் தண்ணி குடித்தாள். பக்கத்து டாக்டர் ஒருவர் வாயு என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பை புற்றுநோய், மூன்றாவது கட்டம். உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவை புதிதாக வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மகளிர் நோய் மருத்துவரிடம் போய் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். மார்பகத்துக்கு மேமோகிராம் இருப்பதுபோல், அறிகுறி இல்லாதவர்களிடம் இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இன்னும் இல்லை. நம் உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பரேல் டாட்டா மருத்துவமனைக்குச் சில நாள் நானும் கூடப் போனேன். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அங்கே ஆள் வருகிறார்கள். பாதிப் பேருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கீமோவுக்குக் காத்திருக்கும் நேரத்தில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தமிழ் பேசும் குடும்பம் எதைப் பார்த்தாலும் இவள் அவர்கள் ஃபைலை வாங்கி எந்த கவுன்டர், எந்தத் தேதி என்று வாசித்துச் சொல்வாள். எனக்குக் கோபம் வரும். "நீ பேசாம உக்காரேண்டி" என்பேன்.

ஒருநாள் மட்டும், திரும்பும்போது ரயிலில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "சாகப் பயமில்லடி. அம்மாவுக்கு முன்னாடி போறேனே, அதைத்தான் தாங்க முடியல" என்றாள். தாணே வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழ் வீட்டுக்காரர்:

அந்த மே மாத இரவை மட்டும் சொல்கிறேன். கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். புற்றுநோய் இருந்தவர் கொடுக்கலாமா என்று எனக்குச் சந்தேகம். ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில்தான் கூடாது, இதற்குத் தடையில்லை என்று கண் வங்கியில் போனிலேயே சொன்னார்கள். உயிர் போய் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை கருவிழி காயக் கூடாது. இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையணையால் தலையை உயர்த்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும்.

டோம்பிவலி மே மாதம். முப்பது பேர் ஒரு ஹாலில். ஃபேன் இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோர் முதுகிலும் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சரின் அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சு காயக் காய எடுத்து நனைத்து, பிழிந்து, திரும்ப வைத்தார்கள். விரலால் ஓரத்தை அழுத்தி விடுவார்கள், சுரம் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் பத்துப் போடுகிற மாதிரி. மூன்று மணி நேரம். டாக்டர்கள் வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். முகம் மாறவே இல்லை.

டீச்சரின் கணவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார். மைத்துனர் எழுதிய மணியார்டர் விஷயத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மழை ராத்திரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அந்த இரண்டு நாளும் எங்கள் மகள் அத்தையிடம்தான் இருந்தாள்.

முடித்து போனைக் கீழே வைத்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டியளே மாப்ள?"

இல்லை அத்தை என்றேன்.

"அவளும் இல்லன்னுதான் சொல்லுவா. மாமியா எழுதுன காயிதத்துல அவ வரிய விடுதான்னு எனக்கு அப்பவே தெரியும். விடுறதுக்கு முந்தி எச்சிய முழுங்குவா. அவ அப்பாகிட்ட நான் சொல்லல. நீங்களும் இப்பம் முழுங்குனிய."

ரயிலில் அவள் அழுத இடம் அது. போனை எடுத்து வாசித்தேன். என் குரல் ஒரு நிலையில் நிற்கவில்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ராத்திரி என் கட்டில்கிட்ட வந்து நிப்பா. நான் தூங்குத மாதிரி கெடப்பேன். போர்வைய இழுத்துவிட்டுட்டுப் போவா" என்றார்.

தெருவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே போகலாமா அத்தை என்று கேட்டேன். போகலாம் என்றவர், சுவரைப் பிடித்து எழுந்திருக்கும்போது சொன்னார்:

"அந்த மெழுகுவத்திப் பிள்ளைய ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லி எழுதுங்க. அவ காயிதத்தையும் எடுத்துட்டு வரட்டும்."

அம்மா, படித்தால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.