43-இல் ஜெயில் உண்டா, இல்லையா?

டவுன் மொபைல்: நேற்று நம்ம பாளை வக்கீல் இங்கே ஒரு முத்து உதிர்த்திருந்தார். "அடுத்தவர் போனில் உளவு ஆப் ஏற்றினால் ஐ.டி. சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43-ஆம் பிரிவு, நேரே ஜெயில். புதுச் சட்டமும் வேண்டாம், போன், ஆப் கம்பெனிக்காரர்கள் தாங்களே விதி வகுக்கவும் வேண்டாம்" என்று. படித்ததிலிருந்து காபி தொண்டையில் இறங்கவில்லை. வக்கீல் சார், 43-இல் ஜெயிலே கிடையாது. நஷ்டஈடு மட்டும்தான். கறுப்புக் கோட்டு போடாத எனக்கே இது தெரிகிறது.

பாளை வக்கீல்: 43-ஐ அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 43-இல் சொன்ன காரியத்தை நேர்மையற்றோ மோசடியாகவோ செய்தால் 66 பாயும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2008 திருத்தத்திலேயே வந்தாயிற்று. சார்ஜர் விற்கிறவர்கள் சார்ஜர் விற்றால் போதும்.

டவுன் மொபைல்: நீர் நேற்று எழுதினது 43. இன்றைக்குச் சொல்வது 66. பஸ் நம்பர் மாறினால் போய்ச் சேருகிற ஊரும் மாறும் வே.

சார்ஜர் விற்கிறவன் ஒன்று சொல்கிறேன், கேளும். போன வாரம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். சார்ஜ் மத்தியானம் வரைகூட நிற்கவில்லை, பேட்டரி மாற்றணும் என்றார். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. போன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய்ப் பார்த்தால் 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஐகான் கிடையாது. லொகேஷன், மைக், மெசேஜ் எல்லாம் ஆன். தீய ஆப்பைப் பிடிக்கிற கூகுளின் பிளே புரொடெக்டை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா போனைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அழித்துவிடட்டுமா என்றேன். "வேண்டாம் தம்பி, அழித்தால் வீட்டில் தெரிந்துவிடும்." அவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு உம்ம 43 என்ன செய்யும்? ஜெயில் இல்லாத 43?

அம்பை டீச்சர்: அந்தப் போனை வாங்கினது யார்? 43 "உரிமையாளர் அல்லது பொறுப்பில் இருப்பவர் அனுமதி இல்லாமல்" என்றுதான் ஆரம்பிக்கிறது. பில் கணவர் பெயரில் இருந்து, நான்தான் உரிமையாளர் என்று அவர் நின்றால்? அதைவிட, உளவு ஆப் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசலாமே. என் பையன் போனில் நானும் கண்காணிப்பு ஆப் போட்டிருக்கிறேன். அதுவும் சேருமா?

பாளை வக்கீல்: டீச்சர், அது அப்புறம். முதலில் 66.

டவுன் மொபைல்: முதலில் 43.

மேலப்பாளையம் பையன்: சென்னையிலிருந்து எழுதுகிறேன். போன் பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன். 2020-இல் கூகுளே பிளே ஸ்டோரில் விதி கொண்டுவந்தது. துணைக்குத் தெரியாமல் வேவு பார்க்கிற ஆப்புக்கு இடமில்லை, பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கிற ஆப்புக்கு இடம் உண்டு. உளவு ஆப்காரர்கள் பலர் 'குழந்தைப் பாதுகாப்பு' என்று போர்டை மாற்றிக்கொண்டார்கள். 2021-இல் அமெரிக்காவில் ஸ்பைஃபோன் என்ற கம்பெனியை இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று நிறுத்தியது யார்? எஃப்.டி.சி. என்ற அரசு அமைப்பு. கம்பெனிகளின் விதி இல்லை.

டவுன் மொபைல்: அமெரிக்காவை விடு தம்பி. இங்கே வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே (ஆப் ஏற்றுகிற ஃபைல்) வருகிறது. நம்ம ஆள் மொய் எழுதப் போகிற அவசரத்தில் அமுக்குகிறான், ஓடிபி எல்லாம் அனுப்பின திருடனுக்குப் போகிறது. போன் எச்சரிக்கத்தான் செய்கிறது. அதற்குக் கீழேயே 'இருந்தாலும் ஏற்று' என்று ஒரு பட்டனை வைத்தால்? அந்தப் பட்டனை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெயர்தான் தொழில்துறை விதி. வக்கீலுக்கு ஃபீஸ் வேண்டாம்.

மேலப்பாளையம் பையன்: பட்டனை எடுத்துவிட்டால் உங்க கடையில் 50 ரூபாய்க்கு ஏற்றித் தருகிற திருட்டுச் சினிமா ஆப் என்னாகும் அண்ணாச்சி?

டவுன் மொபைல்: அது வாடிக்கையாளர் விருப்பம். சென்னைக்குப் போனதும் ஊர்க்காரன் கடை கண்ணை உறுத்துகிறதோ?

தச்சநல்லூர்: சின்ன மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2021-இல் குழு போட்டது. பார்த்த 29 போன்களில் 5-இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அதோடு சரி. அரசாங்கம் ஒட்டுக்கேட்க அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நீங்கள் 43, 66 என்று தாயம் உருட்டுகிறீர்கள்.

பாளை வக்கீல்: 69-க்கு எழுத்துமூலம் உத்தரவு, மறுஆய்வுக் குழு எல்லாம் உண்டு. தெரியாமல் பேச வேண்டாம்.

டவுன் மொபைல்: பெரிய இடத்துப் பேச்சு நமக்கெதற்கு. வக்கீல் சார் இன்னும் 43-க்குப் பதில் சொல்லவில்லை. சரி, உம்ம 66-க்கே வருகிறேன். 3 வருஷக் குற்றத்துக்கு ஜாமீன் உண்டு என்று அதே சட்டத்தில் 77பி சொல்கிறது. 43-இல் நஷ்டஈடு வேண்டுமென்றால் சென்னையில் ஐ.டி. செயலரிடம் மனுப் போட வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் சார்ஜ் கடைக்கே வர முடியாத அம்மா கோட்டைக்குப் போவாரா? பாளை ஜெயில் உம்ம வீட்டுப் பக்கம்தானே, இந்தக் கேஸில் உள்ளே இருக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டும். கடையை மூடிவிடுகிறேன்.

பாளை வக்கீல்: புகார் கொடுக்காவிட்டால் சட்டமா குற்றவாளி? 1930-க்கு அடிக்கச் சொல்லியிருக்கலாம், நீர் சொன்னீரா?

அம்பை டீச்சர்: 1930 பணம் திருடு போனால் கூப்பிடுகிற எண். அந்த அம்மாவிடம் இருந்து திருடு போனது பணம் இல்லை. பில் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாளை வக்கீல்: கடையை மூடுகிறேன் என்கிறவர், போன மாதம் எனக்கு ஒட்டின டெம்பர் கிளாஸ் நாலாம் நாளே ஓரம் தூக்கியதற்கு முதலில் பதில் சொல்லட்டும். 250 ரூபாய்.

டவுன் மொபைல்: ஓஹோ, விஷயம் இதுதானா! நகத்தை வைத்து நோண்டினால் எந்தக் கிளாஸ் நிற்கும்? பில் இருந்தால் கொண்டுவாரும், மாற்றித் தருகிறேன்.

பாளை வக்கீல்: நீர் பில் கொடுத்தால்தானே!

டவுன் மொபைல்: அதற்கும் 43-தானா வே?