பதில்: 'கலக்குதல்' நெக்ரோனிக்குப் பொருந்துமா?

அன்புடையீர்,

காக்டெயில் செய்முறைகளில் வரும் 'ஸ்டிர்' என்னும் வினைக்குக் 'கலக்குதல்' போதும் என்ற முன்மடலின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

நெக்ரோனி என்னும் காக்டெயிலையே எடுத்துக்கொள்வோம். 1919 வாக்கில் ஃபிளாரன்ஸில் கமில்லோ நெக்ரோனி என்னும் பிரபு, தம் அமெரிக்கானோ என்னும் காக்டெயிலில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதால் இது பிறந்தது என்பது வழங்கிவரும் கதை. அதன் உண்மை பற்றிய வழக்கு நமக்கு இங்கே வேண்டாம். ஜின், காம்பாரி என்னும் சிவந்த கசப்பு மது, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) ஆகியவற்றை 30 மி.லி. வீதம் ஐஸ் நிறைந்த குவளையில் ஊற்றி, நீண்ட கரண்டியின் முதுகு கண்ணாடிச் சுவரை ஒட்டியே நழுவுமாறு அரை நிமிடம் போலச் சுற்றிவந்தால், பானம் குளிர்வதோடு, உருகும் ஐஸின் நீர் காம்பாரியின் கசப்பையும் வெர்மூத்தின் இனிப்பையும் இணக்கிவிடுகிறது. சிவப்பு நிறமும் துலக்கமாகவே நிற்கிறது. அதையே ஷேக்கரில் இட்டுக் குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் ஐஸ் துகள்களும் புகுந்து பானம் மங்கிவிடும். ஆக, தெளிவு கெடக் கூடாதென்றே செய்யும் செயலுக்கு, குளத்து நீரைச் சேறாக்குவதைக் குறிக்கும் சொல்லையா வைப்பது?

'கிண்டுதல்' அல்வாவுக்கு உரியது. 'சுழற்றுதல்' நல்ல சொல்தான். ஆனால் மணம் எழும்ப ஒயின் கோப்பையையே சுழற்றுகிறார்களே, அதற்கு அது வேண்டும்.

என் பரிந்துரை 'துழாவுதல்'. கஞ்சியை அகப்பையால் துழாவும்போது கலம் அசைவதில்லை, உள்ளே கருவி மட்டுமே இயங்குகிறது. இங்கும் அதுவே நிகழ்கிறது. இருட்டில் கைவிட்டுத் தேடுவதையும் இச்சொல் குறிக்கும் என்று தடை எழலாம். செய்முறைக் குறிப்பில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. 'துழாவுகரண்டி', 'துழாவுகுவளை' என்று வினைத்தொகைகளும் இயல்பாக அமைகின்றன. 'ஷேக்' என்பதற்குக் 'குலுக்குதல்' இருக்கட்டும்; பரிசுச்சீட்டு நினைவுக்கு வந்தால் வரட்டும்.

குளிர்கால மாலைக்கென்று வெர்மூத்தைச் சற்றுக் கூட்டுவோருக்கும் இவ்வேறுபாடு தேவை. துழாவும் நேரம் குறைந்தால் கசப்பும் சாராயக் காரமும் தூக்கி நிற்கும். மிகுந்தால் பானம் நீர்த்துப்போகும். எனவே சொல்லை வாக்கியத்தில் வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்:

"குவளையின் புறம் பனித்து வரும்வரை துழாவுக, பெரிய ஐஸ் கட்டி இட்ட கோப்பையில் வடித்து, ஆரஞ்சுத் தோலை அதன்மேல் பிழிந்து உள்ளே இடுக."

இதில் 'துழாவுக' இருக்கும் இடத்தில் 'கலக்குக' என்று வைத்துப் படித்தபின், மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம்.