மறு: 'சட்டமறுப்பு' இருக்க இன்னொரு சொல் வேண்டுமா?

வணக்கம்.

'civil disobedience' என்பதற்குத் தமிழில் 'சட்டமறுப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. 1930இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியவர்களுக்கு உப்புச் சட்டமே குறி. அதை மீறினார்கள், சிறைக்கும் போனார்கள். அந்த இயக்கத்துக்கு அந்தப் பெயர் கச்சிதம். அதில் கை வைக்க வேண்டாம்.

ஆனால் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவைத் தமிழில் எழுதும்போது அது என்னை இடறிவிடுகிறது. 1846 ஜூலையில் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி) கட்டாததற்காக அவரைக் கான்கார்டு சிறையில் ஓர் இரவு வைத்தார்கள். தலைவரிச் சட்டத்தோடு அவருக்குச் சண்டையே இல்லை. அடிமைமுறையைக் காத்து, மெக்சிகோமீது போர் தொடுத்த அரசுக்குத் தன் காசு போகக் கூடாது என்பதுதான் அவர் நிலை. அந்த அரசுக்குக் குடியாக இருக்கவே அவர் சம்மதிக்கவில்லை. இதைச் 'சட்டமறுப்பு' என்றால் பாதி விஷயம் வெளியே நின்றுவிடுகிறது.

முன்னால் நிற்கும் 'civil' என்பதை 'சாத்வீக' என்று பெயர்ப்பதும் சரியாகப் படவில்லை. தன் நிலையை விளக்கித் தோரோ எழுதிய கட்டுரை 1849இல் முதலில் அச்சானபோது அதன் தலைப்பு 'குடிமை அரசை எதிர்த்தல்' என்ற பொருளில்தான் இருந்தது. இன்று நாம் அறிந்த 'Civil Disobedience' என்ற தலைப்பு அவர் இறந்தபின், 1866இல் வந்தது. ஆகவே 'குடிமை' இருக்கட்டும். அப்பர் 'நாமார்க்கும் குடியல்லோம்' என்றபோது 'குடி' ஆட்சிக்கு உட்பட்டவனைத்தானே குறித்தது? அந்தப் பழைய பொருள் இங்கே நமக்கு உதவுகிறது.

பின்பாதியான 'disobedience'தான் சிக்கல். 'கீழ்ப்படியாமை' என்றதும் வகுப்பில் சொல்பேச்சு கேட்காத பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. 'பணியாமை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதிப் பார்த்தால் 'குடிமைப் பணியாமை'. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் 'குடிமைப் பணி'யோடு குழப்பிக்கொள்வார்கள். விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: குடிமை இணங்காமை. ஆளப்படுவோரின் இணக்கத்தால்தான் அரசு நிற்கிறது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இணக்கத்தைத் திரும்பப் பெறுகிறவன் வன்முறைக்குப் போக வேண்டியதில்லை. 'ஒத்துழையாமை' நமக்குப் பழகிய அச்சு, அதே அச்சில் இதுவும் நிற்கும். பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகாதது போல ஒலிக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். 'குடிமை' முன்னால் நிற்கும்வரை அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒன்று. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் இதையும், மனசாட்சிக்காகத் தனி ஆள் ஓர் ஆணையை ஏற்க மறுப்பதையும் வேறு வேறாகப் பிரித்தார். முதலாவது ஊரறிய நடப்பது, சட்டத்தை மாற்றக் கேட்பது. இரண்டாவதற்கு அந்த நோக்கம் இருக்க வேண்டியதில்லை. அதற்கு 'மனச்சான்று மறுப்பு' என்று எழுதி வருகிறேன். 'மறுப்பு' அங்கே போதுமா, 'ஏலாமை' பொருந்துமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.