கார்ட்டூன் அடிதடி பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

மலர்விழி:
மகனுக்கு நான்கு வயது. கார்ட்டூன் முடிந்த கையோடு சோபா மேலிருந்து “ஹ்யா” என்று குதித்துத் தங்கையின் முதுகில் உதைக்கிறான். அவள் அழுதால், ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதுபோலப் பார்க்கிறான். அடிதடி கார்ட்டூன்களை அடியோடு நிறுத்திவிடலாமா?

கதிரவன்:
நிறுத்தினால் உதைக்க மாட்டானா? டிவி வருவதற்கு முன்பும் பிள்ளைகள் குச்சியை எடுத்துக் கத்திச்சண்டை போட்டவர்கள்தான். இரண்டு பேரும் சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் அழுத பிறகும் மற்றவர் விடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். கார்ட்டூன் மேல் பழி போடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

செந்தாமரை:
வசதிக்காக யாரும் சொல்லவில்லை கதிரவன். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1963-லேயே இதைச் சோதித்தார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதை ஒரு குழு நேரில் பார்த்தது, இன்னொன்று படமாகப் பார்த்தது. மூன்றாவது குழுவுக்குப் பூனை வேடம் போட்டவர் அடிக்கும் கார்ட்டூன் பாணிப் படம். எதையும் பார்க்காத பிள்ளைகளைவிட மூன்று குழுவும் அதிகம் அடித்தன.

கதிரவன்:
தள்ளினால் சாய்ந்து தானே எழுந்து நிற்கிற பொம்மை அது! அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதுவும் நல்ல பொம்மைகளைக் காட்டி, உடனே பிடுங்கிக்கொண்டு, பிள்ளைகளை எரிச்சல்படுத்திவிட்டுத்தான் சோதனையே நடந்தது. அதை வைத்துப் பிள்ளை வளர்ந்து ரவுடியாவான் என்றால் எப்படி?

செந்தாமரை:
சரி, வளர்ந்தவர்கள் கணக்கையே பார்ப்போம். உளவியலாளர் ஹியூஸ்மனின் ஆய்வுக் குழு 1977-ல் சிகாகோ பகுதியில் 557 பிள்ளைகளைப் பேட்டி கண்டது. சுமார் 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் 329 பேர் கிடைத்தார்கள். சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் பெரியவர்களான பின்பும் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. குடும்ப வசதி, வளர்ப்பு முறையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும்தான்.

கதிரவன்:
அது டிவி மொத்தமும், கார்ட்டூன் மட்டுமல்ல. தவிர, தொடர்பு இருந்தால் அதுவே காரணமாகிவிடாது.

இளங்கோ:
இரண்டு பேரும் எத்தனை அடி என்றே எண்ணுகிறீர்கள். அடித்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பண்டூராவின் 1965 சோதனையில், பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்த பிள்ளைகள் மற்றக் குழுக்களைவிடக் குறைவாகவே அதைச் செய்தார்கள். ஆனால் செய்து காட்டினால் பரிசு என்றதும் எல்லாக் குழுவும் ஏறக்குறைய சமமாகச் செய்து காட்டின. ஆக, பாடம் எல்லார் மனத்திலும் ஏறியிருந்தது. கார்ட்டூனில் சுத்தியலால் அடி விழுகிறது, தலையில் புடைப்பு எழும்புகிறது, அடுத்த காட்சியில் காணோம். அடித்தவன்தான் நாயகன். மலர்விழி, மகன் தங்கை எழுந்திருப்பாள் என்று காத்திருந்தது அதனால்தானோ என்னவோ.

மலர்விழி:
அப்போது நிறுத்துவதா, வேண்டாமா?

செந்தாமரை:
நேரத்தைக் குறைக்கவே வேண்டாம், நிகழ்ச்சியை மாற்றுங்கள். 2013-ல் அமெரிக்காவில் 565 குடும்பங்களில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் இதைத்தான் செய்தார்கள். சண்டைக்குப் பதில், நட்பும் உதவியும் காட்டும் நிகழ்ச்சிகள். ஆறு மாதத்தில் நடத்தை கொஞ்சம் மேம்பட்டது.

கதிரவன்:
“கொஞ்சம்” என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மாற்றிப் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் உதைத்த அந்த நிமிடமே தங்கைக்கு வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். சேனலை மாற்றினால் அது நடக்காது.