ஆண்டுயின் சோலோ: ட்ரோலைக் கொன்றாலும் தோல்விதான், டெக்கில் எதை மாற்றுவது?

ஒற்றைக்கை
அவசரம், யாராவது சொல்லுங்க. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்ட் கேம், ஆண்டுயின் குவெஸ்ட். ஹீரோ அரகோர்ன், தியோட்ரெட், எயோவின். ஹில் ட்ரோலோட எங்கேஜ்மென்ட் (எந்த த்ரெட்ல நம்ம மேல பாயும்ங்கிற எண்) 30, என் த்ரெட் (நம்ம ஆபத்து அளவு) 29. அப்படியிருந்தும் சீக்கிரமே மேல வந்து விழுது. எப்படியோ கொன்னாலும் குவெஸ்டோட ரெண்டாவது கட்டத்துல கூட்டாளிங்க மொத்தமா காலி. எதை எடுக்கணும், எதைச் சேர்க்கணும்?

நிழல்கார்டு
எந்தப் பெட்டி? 2011 பெட்டியா, திருத்திய பெட்டியா? புதுசுல ஆட்டக்காரர் டெக்குக்கான கார்டு எல்லாம் மூணு பிரதி. பழசுல ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர் ரெண்டுதான், அன்எக்ஸ்பெக்டட் கரேஜ் ஒண்ணே ஒண்ணு. இது தெரியாம டெக் சொல்ல முடியாது.

பச்சைக்கல்
டெக்கில் மொத்தம் எத்தனை கார்டு? ட்ரோலை யாரை வைத்துத் தடுக்கிறீர்கள்?

ஒற்றைக்கை
பழைய பெட்டி. 56 கார்டு. காண்டால்ஃப் 4 பிரதி. ஸ்னோபர்ன் ஸ்கவுட்டை வைச்சுத்தான் தடுக்கிறேன், செலவு 1 தானே.

மூத்தவழிப்போக்கன்
தம்பி, முதலில் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ஒரே பெயரில் 3 பிரதிக்கு மேல் டெக்கில் வரக்கூடாது, பெட்டியில் 4 இருந்தாலும் சரி. எங்கேஜ்மென்ட் எண் உங்கள் த்ரெட்டுக்குச் சமமாக இருந்தாலே எதிரி வந்துவிடும். முதல் சுற்று முடிவில் ரிஃப்ரெஷில் 1 ஏறி 30. ஆக, 29 உங்களுக்குத் தருவது ஒரே ஒரு சுற்று. இதெல்லாம் அடிப்படை.

லோர்பிரியை
அரகோர்னை எடுத்துட்டு டெனதோரைப் போடுங்க. ஹீரோக்களோட த்ரெட் 8+8+9, மொத்தம் 25. அஞ்சு சுற்று ட்ரோல் தொடாது. அவரை வைச்சு என்கவுண்டர் டெக்கோட (எதிரி, இடமெல்லாம் வர்ற கட்டு) மேல்கார்டைப் பார்த்து, வேண்டாம்னா அடியில தள்ளலாம். ட்ரோல் வந்ததும் அதைக் கட்டிப் போடற ஃபாரஸ்ட் ஸ்னேர், அதோட அது கதை முடிஞ்சது.

நிழல்கார்டு
முடியாதுங்க. ஸ்னேரை எங்கேஜ் ஆன (நம்மகூட மோதற) எதிரி மேலதான் ஒட்டலாம், அதுவும் கார்டு இறக்கற பிளானிங்ல. ட்ரோல் அதுக்கு அப்புறம் என்கவுண்டர்லதான் வரும், அதே சுற்றுல அடிக்கும். முதல் அடியை வாங்கியே ஆகணும். டெனதோர் தடுத்தா 6ல 3 கழிச்சு 3 டேமேஜ், அவர் ஹிட் பாயிண்டும் 3. ஆள் போயிடுவார். கட்டிப் போட்ட ட்ரோலையும் கொல்லாம முதல் கட்டம் முடியாது. அந்த மூணு ஹீரோவோட மொத்த அட்டாக் 4, ட்ரோல் டிஃபென்ஸ் 3. சுற்றுக்கு 1 டேமேஜ், ஹிட் பாயிண்ட் 9.

லோர்பிரியை
அதுக்குத்தான் அஞ்சு சுற்று இருக்கே. சில்வர்லோட் ஆர்ச்சர், லாங்பியர்ட் ஓர்க் ஸ்லேயர் ரெண்டுக்கும் அட்டாக் தலா 2. அவங்களை இறக்க நேரம் தாராளம். முதல் அடிக்கும் ஒரு கூட்டாளி போதும்.

பச்சைக்கல்
அந்த "ஒரு கூட்டாளி"தான் இவர் டெக்கைக் கொல்கிறது. ட்ரோலின் மிச்ச டேமேஜ் வீணாகாது, த்ரெட்டில் ஏறும். ஸ்கவுட் டிஃபென்ஸ் 1, ஹிட் பாயிண்ட் 1. 6ல் 1 போனால் 5, ஸ்கவுட் தாங்குவது 1, மீதி 4 உங்கள் த்ரெட்டில். 30 என்பது 34 ஆகி, சுற்று முடிவில் 35. ஈவில் ஸ்டார்ம் கார்டை எடுத்துப் பாருங்கள்: த்ரெட் 35 அல்லது அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு கேரக்டருக்கும் 1 டேமேஜ். என்கவுண்டர் டெக்கில் அது 3 பிரதி, ரெண்டாவது கட்டத்தில் சுற்றுக்கு ஒரு கார்டு கூடுதலாகத் திறக்கும். கூட்டாளிகள் மொத்தமாகச் சாவது இதனால்தான்.

ஹீரோக்களை மாற்ற வேண்டாம். ரெண்டாவது சுற்றில் எயோவின் மட்டும் குவெஸ்டுக்குப் போகட்டும். வில்பவர் (குவெஸ்ட் பலம்) 4, ஒரு கார்டைத் தள்ளினால் 5. முதல் கட்டத்தில் ட்ரோல் இருக்கும்வரை எவ்வளவு முன்னேறினாலும் தாண்ட முடியாது, அதனால் ஸ்டேஜிங்கில் (இன்னும் மோதாத எதிரி, இடங்கள் நிற்கும் பகுதி) உள்ள கார்டுகளின் த்ரெட்டைச் சமாளித்தால் போதும். காம்பட்டில் ஸ்னீக் அட்டாக் (கூட்டாளியைத் தற்காலிகமாக இறக்கும் கார்டு) மூலம் காண்டால்ஃப்: நுழையும்போதே 4 டேமேஜ், ட்ரோலுக்கு மிச்சம் 5. ஸ்கவுட் தடுக்கட்டும். பிறகு காண்டால்ஃப் 4, அரகோர்ன் 3, தியோட்ரெட் 2, மொத்தம் 9. டிஃபென்ஸ் 3 போக 6, ட்ரோல் முடிந்தது. தியோட்ரெட் குவெஸ்டுக்குப் போய்விட்டால் 7 அட்டாக், 4 டேமேஜ், ஒரே ஒரு புள்ளியில் தப்பிக்கும். கார்ட் ஆஃப் தி சிட்டடல் என்ற கூட்டாளி களத்தில் இருந்தால் அந்த 1 கிடைக்கும்.

மூன்றாவது சுற்றில் எயோவினிடம் 3 ரிசோர்ஸ் (கார்டு இறக்கச் செலவழிப்பது) சேர்ந்திருக்கும். கலத்ரிம்ஸ் கிரீட்டிங், த்ரெட் 6 குறைந்து 35 மறுபடி 29. கிரீட்டிங் கையில் இல்லையென்றால் காண்டால்ஃபையே தடுக்க விடுங்கள், 2 டேமேஜ்தான், த்ரெட் ஏறாது. ட்ரோல் மட்டும் 3 ஹிட் பாயிண்டோடு இன்னொரு சுற்று நிற்கும்.

கூட்டுக்களம்
இவ்வளவு கணக்கு எதுக்கு? ரெண்டு டெக் வைச்சு ரெண்டு கையா ஆடுங்க. ஒண்ணு குவெஸ்ட், ஒண்ணு சண்டை. கேமே கூட்டா ஆடத்தான் வடிவமைச்சது.

மூத்தவழிப்போக்கன்
அது சோலோ அல்ல. கேட்டவர் சோலோ டெக் கேட்டார்.

கூட்டுக்களம்
ஒரே ஆள் ஆடினா சோலோதான். ஒரு டெக்ல ரேஞ்ச்ட், சென்டினல் (அடுத்தவரோட எதிரியை அடிக்க, தடுக்க விடறது) ரெண்டு கீவேர்டும் செத்த எழுத்து. அதை யாரும் பேசறதில்லை.

மூத்தவழிப்போக்கன்
ரெண்டு டெக் என்றால் சுற்றுக்கு ரெண்டு கார்டு திறக்கும், மூன்றாம் கட்டத்தில் நாலு. அது வேறு கணக்கு, வேறு டெக். ஒரு டெக்கில் ஒரு மோசமான கார்டே முழுச் சுற்றையும் கெடுக்கும், அதைத் தாங்கும் டெக் கட்டுவதுதான் சோலோ.

நிழல்கார்டு
இதுக்குத் தனி இழை போடுங்களேன். @ஒற்றைக்கை, 56ஐ 50 ஆக்குங்க. ப்ரோக் அயர்ன்ஃபிஸ்ட் செலவு 6, ஃபார்ச்சூன் ஆர் ஃபேட் 5, கிரிம் ரிசால்வ் 5, காமன் காஸ், நாலாவது காண்டால்ஃப், பவர் இன் தி எர்த், எல்லாம் வெளியே. ரெண்டு பிரதி ஸ்னீக் அட்டாக்ல ஒண்ணு முதல் 6 கார்டுல வர 56ல சுமார் 20%, 50ல 23%. மல்லிகனையும் (முதல் கையை ஒருமுறை மாத்தறது) சேர்த்தா கிட்டத்தட்ட 40%. ஸ்டூவர்ட் மட்டும் இருந்து ஸ்னீக், காண்டால்ஃப் இல்லாத கையை இந்தக் குவெஸ்டுக்கு நான் வைச்சுக்க மாட்டேன்.

லோர்பிரியை
ஸ்டூவர்ட் வந்த கையையா தூக்கிப் போடச் சொல்றீங்க? சுற்றுக்கு 2 ரிசோர்ஸ்ங்க!

நிழல்கார்டு
ரெண்டாவது சுற்றுலயே ட்ரோல் வருதுங்க. ரிசோர்ஸ் நிறைய வைச்சுக்கிட்டு அதுக்குள்ள என்ன இறக்குவீங்க?

பச்சைக்கல்
இன்னொன்று: ரெண்டாவது கட்டத்தில் எயோவினிடம் எப்போதும் 1 ரிசோர்ஸ் மிச்சம் வையுங்கள். ஏ டெஸ்ட் ஆஃப் வில் ஈவில் ஸ்டார்மையே ரத்து செய்யும். கிளாடன் ஃபீல்ட்ஸ் என்ற இடம் ஆக்டிவாக இருக்கும்வரை ரிஃப்ரெஷில் த்ரெட் கூடுதலாக 1 ஏறும். அதன் 3 குவெஸ்ட் புள்ளியை அடுத்த சுற்றிலேயே முடிக்க முடியாதென்றால் பயணிக்காதீர்கள்.

ஒற்றைக்கை
50 ஆக்கிட்டேன். ஸ்னீக், காண்டால்ஃப் ரெண்டும் வந்துச்சு, ட்ரோல் ரெண்டாவது சுற்றுல முடிஞ்சது. கிரீட்டிங்குக்கு அப்புறம் ஈவில் ஸ்டார்ம் வந்தப்போ த்ரெட் 31, ஒண்ணும் ஆகல. மூணாவது கட்டத்துல கோப்ளின் ஸ்னைப்பர் மாட்டிக்கிச்சு. நன்றி.

நிழல்கார்டு
ஸ்டேஜிங்ல வேற எதிரி இருக்கும்வரை ஸ்னைப்பரை நீங்களா எங்கேஜ் பண்ண முடியாது, எங்கேஜ்மென்ட் 48, தானாவும் வராது. மத்த எதிரிகளை முதல்ல இழுத்துடுங்க. இல்லைன்னா காண்டால்ஃபோட 4 டேமேஜை அங்கே போடுங்க, ஸ்டேஜிங்ல இருக்கிற எதிரியையும் அது தொடும். ரெண்டாவது ஸ்னீக் அட்டாக் எந்தக் கட்டத்துல செலவாச்சு?