2 கிராம் ஜிக் வீச எந்த பிளாங்க் வாங்கலாம்?

கல்லணைக் கால்வாயில் ஜிலேபி மீன் பிடிக்க நானே ஒரு அல்ட்ராலைட் ராட் (லேசான தூண்டில் கம்பு) கட்டினேன். ஆறரை அடி, இரண்டு துண்டு கார்பன் பிளாங்க் (வளையம், பிடி எதுவும் பொருத்தாத வெறும் தண்டு). 1–5 கிராம் எடையை வீசலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனால் 2 கிராம் ஜிக்கை (தலையில் ஈயம் வைத்த தூண்டில் முள்) வீசினால் நுனி வளைவதே இல்லை. எட்டு மீட்டர்கூடப் போகாமல் தொப்பென்று விழுகிறது. மீன் கொத்துவது கைக்குத் தெரிவதற்குள் துப்பிவிட்டுப் போய்விடுகிறது.

மூன்று மாதமாக மாற்றிப் பார்க்காதது இல்லை. 4 பவுண்டு பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்), 1000 அளவு ரீல், அப்புறம் நுனி வளையங்களைக் கழற்றிச் சின்னதாகப் போட்டு, எபாக்ஸியையும் மெல்லிசாகப் பூசினேன் (அது காயும்வரை ராட்டைச் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை). கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். நுனியில் 5 கிராம் ஈயத்தைத் தொங்கவிட்டால் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டாராம்.

சரி, புதிதாகவே வாங்கிவிடலாம். கையில் 4000 ரூபாய் இருக்கிறது. சாலிட் டிப் (உள்ளே குழல் இல்லாத கெட்டி நுனி) என்றால் மெல்லிய கொத்தும் தெரியும், ஆனால் வீச்சு தளர்ந்துவிடுமோ என்று யோசனை.

1–3 கிராம் ஜிக்கை வீசவும் வேண்டும், அரைக் கிலோ ஜிலேபியையும் தாங்க வேண்டும் என்றால் சாலிட் டிப் எடுப்பதா, உள்ளே குழலாக இருக்கும் நுனியா?